முதலில் பறப்பவரின் கையெழுத்து

என் வீட்டுக்காரரின் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிரேக் சார் என்றால் தெரியும். பதினான்கு வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கற்றுக்கொடுக்கிற காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர் பதறிப்போய் எதையாவது மிதித்துவைத்தால் வாத்தியார் இதை மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். மற்ற வாத்தியார்கள் அதில் எப்போதாவதுதான் கால் வைப்பார்கள். என் வீட்டுக்காரர் அதிலிருந்து காலை எடுத்ததே இல்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. எங்கள் மகள் தண்ணீர் டம்ளரைச் சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் வைத்தால், மேஜைக்கு அடியில் இவர் கால் தரையை அழுத்தும். நான் பேருந்தை விட்டு இறங்கும்போது வீட்டு வாசலில் நிற்கிற இவர் காலும் அழுத்தும். கேஸை மூடினாயா என்று என்னைக் கேட்பார். மூடிவிட்டேன் என்றால் தலையாட்டிவிட்டு, தானும் ஒருமுறை போய்த் திருகிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பாசம் என்று நினைத்துப் பூரித்துப்போனேன். அது பாசமில்லை, வியாதி என்று தெரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள், தான் விமானியாகப் போவதாகச் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவர் பார்சல்காரர். ஊருக்கு வெளியே ஒரு சிறிய ஓடுபாதை உண்டு. அங்கே ஒரு பறக்கும் கிளப், ஒரே வருடத்தில் வாங்கிய இரண்டு பழைய குட்டி விமானங்கள், அவற்றுக்கு ஒரு முதலாளி. அதிகாலையில் விமானங்களைப் பயிற்சிக்குக் கொடுப்பார். பகலில் அவற்றிலேயே மருந்து, இயந்திர உதிரிபாகம், அவசரத் தபால் என்று பார்சல் அனுப்புவார். அந்தப் பார்சல்களைக் கொண்டுபோகிற விமானியைத்தான் எல்லாரும் பார்சல்காரர் என்பார்கள். இரண்டு மலையைத் தாண்டிப் போய் இறங்கிவிட்டு வருகிற அந்த மனிதருக்கு, காரைப் பின்பக்கமாக எடுத்து ஓரமாக நிறுத்த வரவில்லை. அதைக் கற்றுக்கொள்ளத்தான் இவரிடம் வந்தார்.

அவர் கார் ஓட்டிய லட்சணத்தை இவர் வீட்டில் நடித்துக் காட்டுவார். கண்ணாடியைப் பாருங்கள், கண்ணாடியைப் பாருங்கள் என்று இவர் தொண்டை வறளக் கத்துவாராம். "நீங்கதான் பாக்கறீங்களே சார், அப்புறம் நானும் எதுக்கு?" என்பாராம் பார்சல்காரர். அவருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுப்பதற்குள் இவருக்குத் தலைமுடி நரைத்துவிட்டது. அதற்கு நன்றியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் சாப்பிடவில்லை. மேலே போனதும் காலைத் தூக்கி வைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரியவில்லை. மேலே எதிரில் வருவதற்கு யாருமில்லை, மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை. அந்த முகத்தை நினைத்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் சேமிப்பு விமானப் பயிற்சிக்குப் போனது. அதைப் பற்றி நான் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தடுக்கவும் இல்லை. விடிந்ததும் ஓடுபாதைக்குப் போய் அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ பறந்துவிட்டு, ஏழரைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, எட்டு மணிக்குக் கார் கற்றுக்கொடுக்கக் கிளம்பிவிடுவார். மூன்று வருடம். பரீட்சைகள், மருத்துவப் பரிசோதனைகள், எல்லாம் தேறினார். பணம் வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டலாம் என்கிற உரிமமும் கைக்கு வந்தது. ஆனால் வேலை இல்லை. கிளப்பில் ஒரு விமானிக்குத்தான் சம்பளம். அந்த இடத்தில் பார்சல்காரர் இருந்தார்.

பிறகு அந்த இடம் காலியானது.

ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின இரவு நல்ல மழை. வழக்கம்போல இவர் விடிந்ததும் போய் அரை மணி நேரம் பறந்துவிட்டு வந்து, இரண்டு துண்டு ரொட்டி கூடுதலாகக் கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதே விமானத்தில் எட்டே முக்காலுக்குப் பார்சல்காரர் கிளம்பினார். ஓடுபாதையின் முடிவைத் தாண்டி மரங்களின் உயரம்கூடப் போகவில்லை, இன்ஜின் சத்தம் நின்றது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வேலிக்கு அப்பால் விழுந்து எரிந்தது. பார்சல்களில் இருந்த மருந்து பாட்டில்கள் நெருப்பில் வெகுநேரம் வெடித்துக்கொண்டே இருந்தனவாம். இன்னொன்றும் சொன்னார்கள். அதை எழுத எனக்கு மனமில்லை.

இவர் அன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"காலைல நான்தானே அதை ஓட்டினேன். ஒரு இருமல்கூட இல்ல."

அடுத்த மூன்று மாதத்தில் இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இரங்கல் சொல்லப் போன இடத்தில் சொன்னார். விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் அதை எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கார் கற்க வருகிறவர்களிடம் சொன்னார். பார்சல்காரர் மேல் பழி விழக்கூடாது என்றுதான் முதலில் சொல்லத் தொடங்கினார் என்று நினைக்கிறேன். நல்ல மனிதருக்கு இப்படி ஆகிவிட்டதே, விமானமும் நன்றாகத்தானே இருந்தது என்கிற ஆற்றாமை. ஆனால் கேட்கிறவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. காலையில் நன்றாக இருந்த விமானம் எட்டே முக்காலுக்கு விழுகிறது என்றால் கோளாறு யாரிடம்? விசாரணை அறிக்கையும் அப்படித்தான் வந்தது. எல்லாம் எரிந்துவிட்டதால் காரணம் உறுதியாகத் தெரியவில்லை. இறக்கைக்கு ஒன்றாக இருக்கிற இரண்டு பெட்ரோல் டேங்க்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் திருகைத் திருப்புவதில் விமானி தவறியிருக்கலாம். தவறியிருக்கலாம் என்ற சொல் ஊருக்குள் வந்தபோது தவறினார் என்று ஆகிவிட்டது. கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டினாராம் என்று என்னிடமே ஒருத்தி சொன்னாள். பார்சல்காரரின் மனைவி நூலகத்தில் வேலை செய்கிறவர். அவர் உள்ளே நுழைந்தால் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பாவமாக இருந்தது. அதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

அறிக்கை வந்த வாரமே முதலாளி இவரைக் கூப்பிட்டனுப்பினார். மிச்சமிருக்கிற விமானத்தில் பார்சல் வேலை மறுபடி தொடங்கப்போகிறது, உங்களைப்போலக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள்தான் வேண்டும், திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். இவர் ஓட்டுநர் பள்ளி வேலையை விட வேண்டும். முப்பத்தெட்டு வயதில் இன்னொரு இடம் கிடைக்காது. இதை விட்டால் உரிமத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நான் மருத்துவமனை லேப்பில் வேலை பார்க்கிறேன். ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்து அறிக்கை எழுதுகிற வேலை. ஆபத்து எவ்வளவு என்று எண்ணில் கேட்டுப் பழகியவள். இவரும் எண்களோடுதான் வந்தார். சாலையில் எத்தனை பேர் சாகிறார்கள், சிறு விமானத்தில் எத்தனை பேர், அனுபவம் கூடக்கூட எப்படிக் குறைகிறது என்றெல்லாம் காகிதத்தில் எழுதிக் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்களில் பார்சல்காரரும் ஒருவர் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. மகள் தன் வீட்டுப்பாட நோட்டில் விமானம் வரைந்து, அதன் இரண்டு பக்கமும் பிரேக் வரைந்திருந்தாள். அதைப் பார்த்து இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு. விட்டுடறேன்."

"என் தலைல கட்டாதீங்க. அப்புறம் ஆயுசு முழுக்க அந்த மூஞ்சிய நான்தான் பாக்கணும்."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லாமல், அதே சமயம் அவர் போகாமலும் இருக்க ஏதாவது நடக்காதா என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். இதை ஒளிக்க விரும்பவில்லை. அப்படி வேண்டிக் கேட்டவள் நான்தான். கடைசியில், அந்த விமானத்தை ஒருமுறை என் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இரவு மழை பெய்தது. சனிக்கிழமை காலை விடிந்தபோது மேகம் மொத்தமும் விலகி, வானம் கண் கூசுகிற நீலமாக இருந்தது. எனக்கு ஒன்பது மணிக்கு லேப் வேலை என்பதால் வேலைப் பையோடே கிளம்பினேன். கொட்டகைக்கு வெளியே விமானம் நின்றுகொண்டிருந்தது. நான் நினைத்ததைவிடச் சின்னது. இறக்கை என் இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. அதன்மேல் மழைத் துளிகள் அப்படியே நின்றன. கொட்டகைச் சுவரில் ஒரு கிளிப்பில் அன்றன்றைய தாள் தொங்கியது. அந்த நாளில் முதலில் பறக்கப்போகிறவர் விமானத்தைச் சோதித்து, பெட்ரோலில் தண்ணீர் இல்லை என்று பார்த்து, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு பறக்கிறவர்கள் தாளைப் பார்த்துக்கொண்டால் போதும். விதிப் புத்தகத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறதாம். கிளப் வழக்கம் இப்படி. பழைய தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் இவர் கையெழுத்துதான் இருந்தது. தினமும் விடிந்ததும் வந்து நிற்கிறவர் இவர்தானே. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"எப்படிப் பாக்கறேன்னு காட்டறேன் வா" என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் குவளையை எடுத்தார். ஒளி ஊடுருவுகிற குவளை. வலது இறக்கைக்குக் கீழே மண்டியிட்டு, அங்கிருந்த ஒரு குமிழைக் குவளையால் அழுத்தினார். உள்ளே திரவம் வழிந்து நிறைந்தது. எழுந்து நின்று, அதை முகத்துக்கு மேலே தூக்கி வானத்துக்கு நேரே பிடித்தார்.

"பாத்தியா, நீலம். இந்தப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பாங்க. தண்ணி இருந்தா கனமா அடியில தனியா நிக்கும், நடுவுல கோடு தெரியும். கோடே இல்ல பாரு."

பார்த்தேன். நீலம்தான். கோடு இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது யோசித்துச் செய்ததல்ல. எங்கள் லேப்பில் எந்த சாம்பிளையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்க விடமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து ஒரு சாம்பிளின் நிறத்தைத் தப்பாக எழுதி, நான் வாங்கிய திட்டு இன்றைக்கும் காதில் நிற்கிறது. பின்னால் இருப்பதன் நிறம் உள்ளே இருப்பதன் நிறமாகத் தெரியும். அதனால் கறுப்புக் கோடு போட்ட ஒரு வெள்ளை அட்டையைப் பின்னால் வைத்துத்தான் பார்ப்போம். அந்த அட்டை எப்போதும் என் பையில் கிடக்கும். அதை எடுத்துக் குவளைக்குப் பின்னால் வைத்தேன்.

"இதுக்கு நிறமே இல்லையே" என்றேன்.

குவளையில் நீலம் இல்லை. அட்டையின் வெள்ளையும் கறுப்புக் கோடும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. இவர் என்னைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். விரலை விட்டார். பிறகு சிமெண்ட் தரையில் கொஞ்சம் ஊற்றினார். பெட்ரோல் என்றால் பரவி உடனே காய்ந்துவிடும். இது ஊற்றிய இடத்திலேயே நின்றது.

குவளை முழுக்கத் தண்ணீர். முழுக்கத் தண்ணீர் என்றால் கோடு எங்கிருந்து வரும்?

இடது இறக்கையில் எடுத்துப் பார்த்தார். அட்டைக்கு முன்னால் நல்ல நீலம். மறுபடி வலப்பக்கம் வந்தார். இரண்டாவது குவளை, தண்ணீர். மூன்றாவது, தண்ணீர். ஒவ்வொன்றையும் என்னிடம் நீட்டுவார், நான் அட்டையை வைப்பேன், அவர் கொட்டுவார். ஏழாவது குவளையில்தான் பாதி உயரத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதற்கு மேலே நீலம். பிறகு இறக்கைமேல் ஏறி, பெட்ரோல் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். மூடிக்குள் இருந்த ரப்பர் வளையம் வெடித்துப்போயிருந்தது. அந்த வெடிப்பில் அவர் நகம் நுழைந்தது. அந்த வழியாகத்தான் மழை இறங்கியிருக்கிறது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். உள்ளதைச் சொல்ல வேண்டும். கேட்டது கிடைத்துவிட்டது, இனி இவர் எப்படிப் போவார் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவரைச் சாவிலிருந்து இழுத்துக்கொண்டுவந்த தெம்பில் ஏதோ கேலிகூடச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. இறக்கைமேல் உட்கார்ந்து அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் ராத்திரி மழை" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

அது வேறு விமானம் என்றேன். இரண்டும் ஒரே வருடம் வாங்கியது, மூடிகளும் அதே வயது என்றார். நீங்கள் ஓட்டினீர்களே, ஒரு இருமல்கூட இல்லையே என்றேன். அத்தனை நாள் எனக்கு அலுத்துப்போன வாக்கியத்தை நானே அவரிடம் கெஞ்சுவதுபோலச் சொன்னேன்.

"அரை மணி நேரம்தானேன்னு இடது டேங்க்லயே ஓட்டினேன். வலது டேங்க்கைத் தொடவே இல்ல. அவர் கெளம்பறப்ப எப்பவும் நெறைஞ்ச டேங்க்குக்குத் திருப்பிப்பார்." மூடியைத் திருகி மூடிவிட்டு, "அன்னிக்கும் வானம் இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

அன்றைய தாளில் முதல் கையெழுத்து யாருடையது என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் இருவர் மட்டும்தான் அங்கே இருந்தோம். அந்த விமானம் எரிந்து சாம்பலாகிவிட்டது. அறிக்கை எழுதி மூடிவிட்டார்கள். அவர் வாய் திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: உரிமம் போகும், வழக்கு வரலாம், ஊர் வாயில் இனி இவர் பெயர்தான். மகளைப் பள்ளிக்கூடத்தில் என்ன கேட்பார்கள்? என் வாய் தானாகத் திறந்தது.

"இது யாருக்கும் தெரியாதுங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். கீழே இறங்கி வந்து, என் கையிலிருந்த வெள்ளை அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"உங்க லேப்ல தப்பான ரிப்போர்ட் வெளிய போயிட்டா என்ன செய்வீங்க?"

இந்த மனிதருக்குக் கேள்வி கேட்கத் தெரியுமே என்று ஆத்திரமாக வந்தது. அட்டையைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன். அவர் விடவில்லை.

"திருத்தின ரிப்போர்ட் எழுதி அனுப்புவோம்."

"அந்த ஆள் செத்துப்போயிருந்தா?"

"அப்பவும் அனுப்புவோம்" என்றேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் செய்துவருவது அதுதான். வேறு என்ன சொல்ல முடியும்?

முதலாளியிடம் அன்றே போய், மூடிகளை மாற்றும்வரை விமானம் நகரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மேஜையில் உட்கார்ந்து எழுதினார். நான்கு முறை கிழித்துப்போட்டு, ஐந்தாவதில் முடித்தார். விசாரணை அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம். என்ன நடந்தது, எப்படிப் பார்த்தேன், ஏன் அப்படிப் பார்த்தது தவறு, அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டு, பிறகு அடித்துவிட்டிருந்தார். இது அவர்களிடம் கேட்க வேண்டியதில்லை என்றார். கடைசி வரியை எனக்குப் படித்துக் காட்டினார்: நான் ஏறத்தாழ ஐந்நூறு முறை குவளையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் இரண்டு காகிதங்களைக் கொடுத்தார். ஒன்று அந்தக் கடிதத்தின் நகல். மற்றது, முதலாளி தந்திருந்த வேலை ஒப்பந்தம், கையெழுத்துப் போடாமல். முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தாராம். முடிந்துபோன விஷயத்தை எதற்குக் கிளறுகிறீர்கள், இப்போதுதான் உங்களுக்கு எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துவிட்டதே, இனிமேல் உங்களைவிட நல்ல விமானி எனக்கு எங்கே கிடைப்பார் என்றாராம். அந்த ஆள் மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு உண்மைதான் என்று நினைக்கிறேன். இவரும் மறுக்கவில்லை. தெரியாமல் இன்னும் எதையெல்லாம் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறேனோ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நாங்கள் எடை போட்டுப் பார்த்ததெல்லாம் அவர் செத்துப்போவாரா மாட்டாரா என்பதைத்தான். காகிதத்தில் அவர் எழுதிய எண்களும் அதைப் பற்றியவை, பாத்திரம் தேய்த்தபடி நான் பயந்ததும் அதற்குத்தான். இப்படி ஒரு ஆபத்து இந்தத் தொழிலில் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

பிறகு விசாரணையை மறுபடி திறந்தார்கள், உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், பேப்பரில் நான்கு வரி வந்தது. கார் கற்க வருகிறவர்களில் சிலர் வேறு வாத்தியாரைக் கேட்டுப் போனார்கள். இவர் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். அதெல்லாம் பிறகு நடந்தது. அந்தத் திங்கட்கிழமை மாலையைச் சொல்ல வேண்டும்.

கடிதம் போய்ச் சேர்ந்து அதிகாரிகள் வாயால் தெரிவதற்கு முன்னால் பார்சல்காரரின் மனைவியிடம் தானே சொல்ல வேண்டும் என்றார். என்னை வர வேண்டாம் என்றார். போனேன். இரண்டாவது மாடியில் சின்ன வீடு. வாசலில் ஆண் செருப்பு ஒரு ஜோடி இன்னும் இருந்தது. அந்த அம்மா நூலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. உட்காரச் சொன்னார். ஆணியில் கார் சாவி தொங்கியது.

இவர் சுற்றிவளைக்கவில்லை. மழை, மூடி, குவளை, வானம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். தண்ணீரைப் பெட்ரோல் என்று நினைத்துச் சரி என்று எழுதினேன், அதை நம்பித்தான் அவர் கிளம்பியிருப்பார், அவர் மேல் தப்பில்லை என்றார். குரல் உடையவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கத்தினால் நல்லது, எதையாவது தூக்கி எறிந்தால் நல்லது என்று எனக்கு இருந்தது.

அவர் கத்தவில்லை. ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப அவர் கவனக்குறைவா இல்ல?"

"இல்லம்மா."

"எல்லாரும் கேட்டாங்க, கெளம்பறதுக்கு முன்னாடி ஏன் அவர் ஒரு தடவை பாக்கலன்னு. நானும் அதையேதான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தேன், தெனமும், மனசுக்குள்ள." கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை விரலில் சுற்றினார். "மத்தவங்க கையெழுத்து இருந்தா அவர் மறுபடி பாப்பார் சார். உங்களுது இருந்தா மட்டும் பாக்க மாட்டார். பிரேக் சார் பாத்துட்டார், அப்புறம் நான் எதுக்கும்பார்."

இவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கீழே அவருடைய வலது கால் மட்டும் தரையை அழுத்தியது. நாங்கள் எழுந்து வரும்வரை அது அழுத்திக்கொண்டே இருந்தது.